மறுப்பும் இகழ்ச்சியும்: ஆங்கிலத்தில் எந்தச் சொல்லை எங்கே போடுவது?

கேள்வி: ரிஜெக்ட், ரிஃப்யூஸ், டினை, டிக்ளைன், ஸ்பர்ன், ஸ்கார்ன், டிஸ்டெயின், கன்டெம்ப்ட், ஸ்னப் என்று ஆங்கிலத்தில் ஏகப்பட்ட சொற்கள். ஆங்கிலம் – தமிழ் அகராதியைப் புரட்டினால் ‘மறு, நிராகரி, இகழ், வெறு’ என்று அதே நாலு சொல்லைத்தான் மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறார்கள். இவற்றுக்குள் என்ன வித்தியாசம்? தேர்விலும் மின்னஞ்சலிலும் எதை எங்கே எழுதுவது?

பதில்:

அகராதியைக் குறை சொல்ல முடியாது. தமிழில் ‘மறு’ என்ற ஒரே வினை அத்தனை வேலையையும் பார்த்துவிடுகிறது. ‘வர மறுத்தான்’ என்போம். ‘பணம் வாங்கியதை மறுத்தான்’ என்போம். ‘உள்ளே போக அனுமதி மறுத்தார்கள்’ என்றும் எழுதுவோம். நமக்கு மூன்றும் ஒன்றுதான். ஆங்கிலத்தில் முதலாவது ரிஃப்யூஸ், இரண்டாவது டினை, மூன்றாவதற்கு இரண்டில் எதுவும் பொருந்தும். நம்மவர்களின் ஆங்கிலம் இடறுவது இந்த இடத்தில்தான். ‘ஹி டினைடு டு கம்’ என்று அலுவலக மின்னஞ்சல்களில் அடிக்கடி பார்க்கிறேன். மனதில் ‘மறுத்தான்’ ஓடுகிறது, கை டினை என்று எழுதிவிடுகிறது. டினைக்குப் பின்னால் ‘டு கம்’ வராது.

மறுக்கப்படுவது என்ன என்று பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். தான் செய்ய வேண்டிய ஒரு செயலை மாட்டேன் என்றால் ரிஃப்யூஸ்: ‘ஹி ரிஃப்யூஸ்டு டு சைன்’. தன்னைப் பற்றிச் சொல்லப்படும் ஒரு விஷயத்தை இல்லை என்றால் டினை: ‘ஹி டினைடு டேக்கிங் த மனி’. அடுத்தவர் நீட்டிய பொருளையோ, முன்வைத்த யோசனையையோ, கொடுத்த மனுவையோ வேண்டாம் என்று தள்ளினால் ரிஜெக்ட்: ‘தே ரிஜெக்டட் த ப்ளான்’. ‘ஐ ரிஜெக்டட் டு கோ’ என்று யாரும் எழுதக்கூடாது. போக மாட்டேன் என்பது செயல், அது ரிஃப்யூஸின் எல்லை.

டினைக்கு இன்னொரு முகமும் உண்டு. ஒருவருக்குச் சேர வேண்டியதைக் கொடுக்காமல் வைப்பது. ஜாமீன் மறுப்பு, நீதி மறுப்பு எல்லாம் அதில் அடங்கும். உறவையே இல்லை என்று சொல்வதும் டினைதான். சேவல் கூவுவதற்குள் பேதுரு மூன்று முறை இயேசுவைத் தெரியாது என்றாரே, ஆங்கில பைபிளில் அதற்கு டினை. தமிழ் பைபிள் அதற்கு ‘மறுதலித்தல்’ என்ற அருமையான சொல்லை வைத்திருக்கிறது. அந்தச் சொல் சர்ச்சுக்கு வெளியே அதிகம் நடமாடாமல் போனது நமக்கு நஷ்டம்.

டினையோடு போட்டுக் குழப்பிக்கொள்ளும் இன்னொன்று ரெஃப்யூட். அமைச்சர் மீது புகார் வந்தது, அவர் ‘அப்படி ஒன்றும் இல்லை’ என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போனார். மறுநாள் ஆங்கிலப் பத்திரிகையில் ‘ரெஃப்யூட்டட்’ என்று வருகிறது. அவர் எதையும் ரெஃப்யூட் செய்யவில்லை, டினை மட்டும்தான் செய்தார். ஆதாரம் காட்டி, புகார் பொய் என்று நிறுவினால்தான் ரெஃப்யூட். சில அகராதிகள் இந்தத் தளர்ந்த பயன்பாட்டையும் இப்போது ஏற்றுக்கொள்கின்றன. ஆனாலும் கவனமாக எழுதுகிறவர்கள் இரண்டையும் பிரித்தே வைக்கிறார்கள், நீங்களும் பிரித்தே வையுங்கள். ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களுக்கும் இந்த இடம் வழுக்கும். அமெரிக்க அரசியல்வாதி சாரா பேலின் 2010ல் ரெஃப்யூட்டையும் ரெப்யூடியேட்டையும் (இது பின்னால் வருகிறது) ஒன்றாக உருட்டி ‘ரெஃப்யூடியேட்’ என்று எழுதிவிட்டார். ஊரே சிரித்தது. நியூ ஆக்ஸ்ஃபோர்ட் அமெரிக்கன் அகராதி அதையே அந்த ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்தது!

உச்சரிப்பையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வினையாக வரும்போது அழுத்தம் பின்னால்: ரிஃப்யூஸ். அதே எழுத்துகளை முன்னால் அழுத்தி ‘ரெஃப்யூஸ்’ என்றால் குப்பை. ரிஜெக்டுக்கும் இதே கதைதான். முன்னால் அழுத்தி ‘ரீஜெக்ட்’ என்றால் கழித்துப் போட்ட சரக்கு. திருப்பூரில் தையல் சற்று விலகியதாலோ சாயம் ஒரு பொட்டு கூடியதாலோ கப்பல் ஏறாமல் நின்றுபோன பனியன்களை ‘எக்ஸ்போர்ட் ரிஜெக்ட்’ என்று குவித்து விற்கிறார்களே, அதுதான். லத்தீனில் ரிஜெக்டின் வேருக்கு ‘திருப்பி எறிதல்’ என்று பொருள். இன்ஜெக்ட், எஜெக்ட், ப்ரொஜெக்ட் எல்லாவற்றிலும் அதே எறிதல் இருக்கிறது. அதனால் ரிஜெக்டில் எப்போதும் ஒரு தர நிர்ணயம் ஒளிந்திருக்கும்: பார்த்தேன், சோதித்தேன், தேறவில்லை, எறிந்தேன். மாற்றுச் சிறுநீரகத்தை உடம்பு ஏற்காமல் போவதற்கு மருத்துவர்கள் ‘ரிஜெக்‌ஷன்’ என்பதும் இதனால்தான். உடம்பின் எதிர்ப்புச் சக்தி அதை அந்நியப் பொருளாக இனம் கண்டு வெளியே தள்ளப் பார்க்கிறது.

சொல் மாறினால் பணமும் காலமும் மாறும் இடங்கள் உண்டு. விசா அதில் முக்கியமானது. பிரிட்டனின் உள்துறை ரிஜெக்டையும் ரிஃப்யூஸையும் தனித்தனியாக வைத்திருக்கிறது. கட்டணம் கட்டவில்லை, கைரேகை கொடுக்கவில்லை என்பது போன்ற காரணத்துக்காக, உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமலே ‘இந்த விண்ணப்பம் செல்லாது’ என்று திருப்பினால் ரிஜெக்ட். முழுக்கப் படித்து, பரிசீலித்து, ‘விசா தர மாட்டோம்’ என்றால் ரிஃப்யூசல். பிறகு இன்னொரு நாட்டுக்கு விண்ணப்பிக்கும்போது ‘உங்களுக்கு இதற்கு முன் விசா ரிஃப்யூஸ் ஆகியிருக்கிறதா?’ என்று கேட்பார்கள். எது நடந்தது என்று கையில் இருக்கும் கடிதத்தைப் பார்த்துவிட்டுப் பதில் எழுத வேண்டும்.

அமெரிக்காவில் வேறு கூத்து. நேர்காணல் முடிந்து, ‘இன்னும் ஒரு ஆவணம் வேண்டும்’ என்றோ ‘கூடுதல் சரிபார்ப்பு இருக்கிறது’ என்றோ குடியேற்றச் சட்டத்தின் 221ஜி பிரிவில் நிறுத்தி வைப்பார்கள். வீட்டுக்கு வந்து இணையத்தில் நிலவரம் பார்த்தால் ‘ரிஃப்யூஸ்டு’ என்று இருக்கும். வீடே இழவு வீடாகிவிடும். சட்டத்தின் கணக்கில், அந்த நிமிடத்தில் விசா கொடுக்காத எல்லாமே ரிஃப்யூசல்தான். கேட்டதைக் கொடுத்து, சரிபார்ப்பும் முடிந்த பிறகு அதே விண்ணப்பத்தில் விசா வந்தவர்கள் நிறைய பேர். 214பி பிரிவு என்றால்தான் ‘நீங்கள் திரும்பி வருவீர்கள் என்று எனக்குத் தோன்றவில்லை’ என்று அதிகாரி சொல்வதாகப் பொருள். அங்கே அந்த விண்ணப்பத்தின் கதை முடிந்தது, மறுபடி முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டியதுதான்.

இன்ஷூரன்ஸ் கடிதங்களில் வரும் ‘ரெப்யூடியேட்’ இன்னும் கனமான சொல். க்ளெய்ம் ‘ரெப்யூடியேட்டட்’ என்று வந்தால், பணம் தர மனமில்லை என்பதோடு அது நிற்பதில்லை. ‘இந்தப் பாலிசிப்படி எங்களுக்குக் கடமையே இல்லை’ என்று கம்பெனி ஒப்பந்தத்திலிருந்து கையை உதறுகிறது என்று பொருள். பழைய ரோமில் மனைவியையோ நிச்சயித்த பெண்ணையோ தள்ளிவைப்பதற்கு இருந்த ‘ரெப்யூடியம்’ என்ற சொல்லிலிருந்து வந்தது இது. பெரும்பாலும் காட்டும் காரணம், பாலிசி எடுக்கும்போது பழைய வியாதியை மறைத்துவிட்டீர்கள் என்பது. சரி, ஆயுள் காப்பீட்டில் இதற்கும் ஒரு வரம்பு இருக்கிறது. 1938ம் ஆண்டு காப்பீட்டுச் சட்டத்தின் 45வது பிரிவு 2015ல் திருத்தப்பட்டது. அதன்படி 3 ஆண்டுகள் ஓடிய பாலிசியை எந்தக் காரணத்தைச் சொல்லியும் கேள்வி கேட்க முடியாது. ஆகவே அந்தச் சொல் கடிதத்தில் கண்ணில் பட்டால் உடனே பாலிசியின் தேதியைப் பாருங்கள்.

ரினவுன்ஸ், டிஸோன் இரண்டும் ரெப்யூடியேட்டின் பங்காளிகள். தன்னிடம் இருப்பதைத் தானே விட்டுக்கொடுப்பது ரினவுன்ஸ். 1936ல் எட்டாம் எட்வர்ட் அரியணையை விட்டதும் அதுதான், வெளிநாட்டில் குடியேறியவர்கள் இந்தியக் குடியுரிமையை விடுவதும் அதுதான். டிஸோன் உறவை அறுப்பது. ‘இவனுடைய கொடுக்கல் வாங்கலுக்கு நான் பொறுப்பல்ல, இவனுக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை’ என்று தகப்பன் வக்கீல் மூலம் பத்திரிகையில் போட்டோவோடு விளம்பரம் கொடுக்கிறாரே, அது.

இனி மரியாதையாக மறுப்பது. டிக்ளைன் என்றால் லத்தீனில் ‘சாய்ந்து விலகுதல்’. எறிதல் இல்லை, முகச்சுளிப்பு இல்லை, நைசாக ஒதுங்கிக்கொள்வது. விருந்துக்குக் கூப்பிட்டார்கள், போக முடியாது: டிக்ளைன். நிருபர் கேட்டார், அதிகாரி பேசவில்லை: ‘டிக்ளைன்டு டு காமென்ட்’. அதையே ‘ரிஃப்யூஸ்டு டு காமென்ட்’ என்று எழுதினால் அதிகாரி எதையோ மறைக்கிறார் என்ற வாடை வந்துவிடும். நடந்தது ஒன்றே, ஆனால் நிருபர் யார் பக்கம் என்பதைச் சொல் காட்டிக்கொடுத்துவிடும். பேச்சுவழக்கில் இதற்கு ‘டர்ன் டவுன்’ போதும். வேலை, யோசனை, கல்யாணப் பேச்சு எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

கல்யாணப் பேச்சு என்றதும் நம் ஊர் டிக்ளைன் ஞாபகம் வருகிறது. பஜ்ஜி சொஜ்ஜி சாப்பிட்டுவிட்டு, ‘ஊருக்குப் போய் லெட்டர் போடுகிறோம்’ என்று எழுந்தார்களே, அது முதல் தரமான டிக்ளைன். லெட்டர் வராது என்று இரண்டு வீட்டுக்கும் தெரியும். ஆங்கில அலுவலகங்களும் இந்தக் கலையில் சளைத்தவை அல்ல. வேலைக்கு விண்ணப்பித்தால் வரும் பதிலில் ரிஜெக்ட் என்ற சொல்லைத் தேடினாலும் கிடைக்காது. ‘வீ ரிக்ரெட் டு இன்ஃபார்ம் யூ’ என்று ஆரம்பிக்கும், அல்லது ‘வீ ஹேவ் டிஸைடட் டு மூவ் ஃபார்வர்ட் வித் அதர் கேண்டிடேட்ஸ்’ என்று முடியும். ஆய்விதழ்களில் மட்டும் வெளிப்படையாகப் பேசுவார்கள். கட்டுரையை வல்லுநர்களுக்கு அனுப்பாமல் ஆசிரியரே தன் மேசையிலிருந்து திருப்பிவிடுவதற்கு ‘டெஸ்க் ரிஜெக்ட்’ என்றே பெயர். நீங்கள் மறுத்து எழுதும் இடத்தில் இருந்தால், ஆளுக்கு எழுதும் கடிதத்தில் ரிஜெக்டைத் தவிர்த்துவிடுங்கள். ‘வீ ரிஜெக்டட் யூ’ என்பது ஆளையே எறிவது போல விழும். ‘வீ ஆர் அனேபிள் டு ஆஃபர்’ என்று எழுதினால் சொல்ல வேண்டியதும் சொன்னதாகும், காயமும் குறையும்.

இதுவரை பார்த்தவை மறுப்புகள். மறுப்பவர் உங்களைக் கேவலமாக நினைத்தாரா இல்லையா என்பது அவற்றில் பெரும்பாலும் தெரியாது. இனி வருபவற்றில் அது தெரிந்தே தீரும். இந்தச் சொற்களை நினைவில் வைக்க நான் கண்ட வழி, ஒவ்வொன்றுக்குள்ளும் உடம்பின் எந்த உறுப்பு இருக்கிறது என்று பார்ப்பது. இகழ்ச்சி மனதில் பிறந்தாலும், சொல்லாக மாறும்போது காலிலோ கண்ணிலோ உதட்டிலோதான் வந்து உட்கார்ந்திருக்கிறது.

ஸ்பர்ன், கால். பழைய ஆங்கிலத்தில் அதற்கு உதைப்பது என்றே பொருள், குதிரையை முடுக்கும் ஸ்பர் என்ற குதிமுள்ளும் இதற்குச் சொந்தம். ஷேக்ஸ்பியர் காலத்தில் அந்த உதை இன்னும் உயிரோடு இருந்தது. வெனிஸ் நகர வணிகன் நாடகத்தில் கடன் கேட்டு வந்த அன்டோனியோவிடம் ஷைலக் பழங்கணக்கைச் சொல்லிக் காட்டுகிறான்: என் தாடியில் துப்பினாய், தெருநாயை வாசலுக்கு வெளியே எத்துவது போல என்னை எத்தினாய், இப்போது பணம் வேண்டுமா? அந்த ‘எத்தினாய்’ தான் அங்கே ஸ்பர்ன். இன்றைக்கு யாரும் காலைத் தூக்குவதில்லை. ஆனாலும் நீட்டிய கையைத் தட்டிவிட்ட கடுமை சொல்லில் தங்கியிருக்கிறது. காதல், நட்பு, உதவி, சமாதானப் பேச்சு, நல்ல புத்தி என்று மனதார நீட்டிய ஒன்றை அலட்சியமாக ஒதுக்கினால்தான் ஸ்பர்ன். மின்சார வாரியம் உங்கள் மனுவை ஸ்பர்ன் செய்யாது, ரிஜெக்ட் செய்யும்.

டெஸ்பைஸ், கண். லத்தீனில் மேலிருந்து கீழே பார்ப்பது. நாம் ‘இளக்காரமாகப் பார்த்தான்’, ‘கீழாகப் பார்த்தான்’ என்பதற்கு நேர் அண்ணன். இதை வெறும் ‘வெறு’ என்று மொழிபெயர்ப்பதால்தான் சிக்கல். ஹேட் என்றால் சமமானவரையும், ஏன், நம்மைவிடப் பெரியவரையும் வெறுக்கலாம். எதிரியை வெறுத்துக்கொண்டே அவன் திறமையை மெச்சலாம். டெஸ்பைஸில் அந்த மெச்சலுக்கு இடமே இல்லை, அவன் ஒரு ஆளே இல்லை என்று முடிவு கட்டிவிட்ட வெறுப்பு அது.

டிஸ்டெயினும் ஸ்கார்னும் அக்கா தங்கை மாதிரி பக்கத்தில் பக்கத்தில் வரும். ஆனால் குணம் வேறு. டிக்னிட்டி என்ற சொல்லின் வேர்தான் டிஸ்டெயினுக்கும்: தகுதி. ‘என் தகுதிக்கு இது பொருந்தாது’ என்ற நினைப்பு. அதனால் டிஸ்டெயின் பெரும்பாலும் வாயைத் திறக்காது. பதில் சொல்வதே தன் கௌரவத்துக்குக் குறைச்சல் என்று இருந்துவிடும். ‘ஹி டிஸ்டெயின்டு டு ரிப்ளை’ என்றால், பதில் தெரியாமல் சும்மா இருந்தான் என்று பொருளல்ல, உனக்கெல்லாம் பதில் சொல்வதா என்று இருந்தான் என்று பொருள். ஸ்கார்ன் சூடானது. குரலில் கேட்கும், எழுத்தில் தெறிக்கும். அதனால்தான் ஆங்கிலத்தில் ஸ்கார்னை ஒருவர் மேல் ‘போர்’ (ஊற்றுதல்) செய்வார்கள், குடத்தோடு கவிழ்ப்பது போல. ‘ஹெல் ஹேத் நோ ஃப்யூரி லைக் எ வுமன் ஸ்கார்ன்டு’ என்ற மேற்கோளை எல்லோரும் ஷேக்ஸ்பியர் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். அது வில்லியம் காங்கிரீவ் 1697ல் எழுதிய ஒரு சோக நாடகத்தில் வரும் வரி, ஊர் வாயில் விழுந்து கொஞ்சம் உருமாறியது. அங்கே ஸ்கார்ன்டு என்றால் காதலில் அவமானப்படுத்தி ஒதுக்கப்பட்டவள். மறுப்பும் இகழ்ச்சியும் ஒரே சொல்லில் கலந்திருப்பதை அதில் பார்க்கலாம்.

கன்டெம்ப்ட் இந்தக் கூட்டத்திலேயே விஷம் கூடியது. துச்சமாக மதிப்பது, ஒரு பொருட்டாகவே எண்ணாமல் இருப்பது. பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்று நாம் சொல்வதை ஆங்கிலேயர் ‘ஃபெமிலியாரிட்டி ப்ரீட்ஸ் கன்டெம்ப்ட்’ என்பார்கள். இதற்குப் புழக்கத்தில் இருக்கும் வினைச்சொல் கிடையாது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ‘ஐ கன்டெம்ப்ட் ஹிம்’ தவறு. ‘ஹோல்ட் இன் கன்டெம்ப்ட்’ என்றோ டெஸ்பைஸ் என்றோ எழுத வேண்டும்.

நமக்குப் பழக்கமான கன்டெம்ப்ட், நீதிமன்ற அவமதிப்பு. தமிழில் ‘அவமதிப்பு’ என்று கேட்டவுடன் நீதிபதியைத் திட்டுவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். 1971ம் ஆண்டுச் சட்டம் அதை இரண்டாகப் பிரிக்கிறது. நீதிமன்ற உத்தரவை வேண்டுமென்றே நிறைவேற்றாமல் இருப்பது சிவில் அவமதிப்பு. நீதிமன்றத்தின் பெயரைக் கெடுப்பதும் விசாரணையில் குறுக்கிடுவதும் கிரிமினல் அவமதிப்பு. வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லாமல், உத்தரவை ஃபைலில் போட்டு மூடிவிட்டுச் சும்மா இருக்கும் அதிகாரியும் கன்டெம்ப்ட் செய்கிறார். சொல்லின் பொருளை நினைத்தால் இது சரியாகவே பொருந்துகிறது, அவர் உத்தரவை ஒரு பொருட்டாக மதிக்கவில்லை அல்லவா? தண்டனை அதிகபட்சம் 6 மாதம் வெறுங்காவல் அல்லது 2,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். 2020ல் உச்ச நீதிமன்றம் ஒரு மூத்த வழக்கறிஞருக்கு விதித்த அபராதம் 1 ரூபாய்.

வீட்டுக்குள்ளும் இந்தச் சொல்லுக்குத் தனி இடம் உண்டு. தம்பதிகளின் சண்டைகளைப் பல்லாண்டு பதிவு செய்து ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன், விவாகரத்தை முன்கூட்டிச் சொல்லும் அறிகுறிகளில் வலுவானது கோபம் அல்ல, கன்டெம்ப்ட் என்கிறார். கத்துகிற ஜோடி பிழைத்துக்கொள்ளும். ஒருவர் பேசும்போது மற்றவர் கண்ணை உருட்டி, உதட்டோரத்தை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டால்தான் ஆபத்து. அந்த உதட்டோரம் ஒரு பக்கம் மட்டும் ஏறுவதைத்தான் முகபாவ ஆய்வாளர் பால் எக்மனும் கன்டெம்ப்டின் அடையாளமாகச் சொன்னார்.

உதட்டின் அந்தச் சுழிப்போடு பேச்சும் சேர்ந்தால் ஸ்னீர். ஸ்காஃப் வாயிலிருந்து வருவது. பெரும்பாலும் ஒரு கருத்தை, ஒரு எச்சரிக்கையை ‘அட போங்க சார்’ என்று சிரித்துத் தள்ளுவது. புயல் எச்சரிக்கையை ஸ்காஃப் செய்கிறவர் கரையிலேயே நிற்பார். ஜீர் கூட்டத்தின் சத்தம், அவுட்டாகித் திரும்பும் ஆட்டக்காரரைப் பார்த்து மைதானம் ஊளையிடுவது. மூன்றுக்கும் பின்னால் ‘அட்’ வரும். டிரைட் எழுத்து நடைக்கான சொல், லத்தீனில் அதற்குள் சிரிப்பு இருக்கிறது. இகழ்ச்சிக்கும் சிரிப்புக்கும் உள்ள உறவு நமக்குப் புதிதல்ல. தொல்காப்பியம் நகை பிறக்கும் இடங்கள் நான்கில் எள்ளலைத்தான் முதலில் வைக்கிறது. நக்கல், நையாண்டி, கிண்டல், கேலி, ஏளனம், பரிகாசம் என்று நாம் வைத்திருக்கும் படிநிலைகளுக்கு முன்னால் ஆங்கிலம் கொஞ்சம் ஏழைதான். மாமன் மச்சானைக் கிண்டல் செய்வதற்கு டீஸ் போதும். அதற்கு டிரைட் போட்டால் அடிதடியாகிவிடும்.

ஸ்னப் என்றால் மூக்கறுப்பு. ஆங்கிலத்தில் சப்பை மூக்குக்கு ‘ஸ்னப் நோஸ்’ என்பார்கள், அந்த ஸ்னப்பும் இதுவும் ஒன்றே. எதிரே வந்தவர் வணக்கம் சொல்லும்போது பார்க்காத மாதிரி போவது, எல்லோருக்கும் பத்திரிகை வைத்துவிட்டு ஒருவரை மட்டும் விட்டுவிடுவது. விஷயம் சின்னதுதான், நாலு பேர் பார்க்க நடப்பதால்தான் ஸ்னப். ஆஸ்கார் பரிந்துரைப் பட்டியல் வந்த மறுநாள் பத்திரிகைகளில் இந்தச் சொல் மழையாகக் கொட்டும். தலைப்பில் இடம் குறைவு என்பதால் ஸ்னப், ஸ்பர்ன், ஷன் (விலகி ஒதுங்குதல்) மூன்றும் உதவி ஆசிரியர்களுக்குச் செல்லப்பிள்ளைகள். தலைப்பைப் பார்த்துப் பொருள் கற்றுக்கொள்ளாதீர்கள். அங்கே வெறுமனே டிக்ளைன் செய்தவரும் ஸ்பர்ன் செய்தவராகிவிடுவார். ரிபஃப் கொஞ்சம் வேறு. ஒருவர் தானாக ஒரு அடி முன்வந்து, சட்டென்று தடுத்து அனுப்பப்படுவது. இத்தாலிய மொழியில் ஊதுவது என்ற பொருளில் பிறந்தது. ஜில்ட் காதலிலும் நிச்சயமான கல்யாணத்திலும் மட்டும், கைவிட்டுவிட்டுப் போவது.

தோளும் பாக்கியிருக்கிறது. ‘கோல்ட் ஷோல்டர்’ என்றால் முகம் கொடுத்துப் பேசாமல் இருப்பது. வேண்டாத விருந்தாளிக்கு ஆறிப்போன ஆட்டுத் தோள்கறியைப் பரிமாறினார்கள், அதிலிருந்து வந்தது என்று ஒரு கதை இணையம் முழுக்கச் சுற்றுகிறது. வால்டர் ஸ்காட் 1816ல் இந்தத் தொடரை எழுத்தில் பயன்படுத்தியபோது அவர் பேசியது தோளைத் திருப்பிக்கொள்வதைப் பற்றித்தான், சாப்பாட்டைப் பற்றி அல்ல.

ஒருவர் இன்னொருவரை ஒதுக்குவது ஒரு வகை. ஊரே சேர்ந்து ஒதுக்குவது வேறு. அதற்கான சொற்களின் கதைதான் இருப்பதில் எனக்கு மிகவும் பிடித்தது.

ஆஸ்ட்ரஸைஸ் என்ற சொல்லில் ஒரு பானை ஓடு கிடக்கிறது. கிமு ஐந்தாம் நூற்றாண்டு ஏதென்ஸில், யாராவது அளவுக்கு மீறி வளர்ந்துவிட்டார் என்று மக்கள் நினைத்தால் ஓட்டெடுப்பு வைப்பார்கள். உடைந்த பானை ஓட்டில், வெளியேற வேண்டியவர் பெயரைக் கீறிப் போட வேண்டும். அந்த ஓட்டுக்கு கிரேக்கத்தில் ஆஸ்ட்ரகான். 6,000 ஓடுகள் தேவை. தேர்வானவர் 10 ஆண்டு ஊரைவிட்டுப் போக வேண்டும், ஆனால் சொத்து போகாது, குடியுரிமையும் போகாது. ‘நேர்மையாளர்’ என்று பெயரெடுத்த அரிஸ்டைடிஸ் அந்தக் கூட்டத்தில் நின்றபோது, எழுதத் தெரியாத ஒரு குடியானவர் ஆள் தெரியாமல் அவரிடமே ஓட்டை நீட்டி ‘அரிஸ்டைடிஸ் என்று எழுதிக் கொடு’ என்றாராம். ‘அவர் உனக்கு என்ன கெடுதல் செய்தார்?’ ‘ஒன்றும் செய்யவில்லை, எனக்கு அந்த ஆளைத் தெரியவே தெரியாது. எங்கே போனாலும் நேர்மையாளர், நேர்மையாளர் என்கிறார்கள், கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.’ அரிஸ்டைடிஸ் தன் பெயரைத் தானே எழுதிக் கொடுத்தார் என்று பழைய கிரேக்க எழுத்தாளர் புளூடார்க் சொல்கிறார். இன்னொரு பக்கம், ஏதென்ஸின் அக்ரோபொலிஸ் குன்றுச் சரிவில் ஒரு கிணற்றுக்குள் தெமிஸ்டாக்ளீஸ் என்ற அரசியல் தலைவரின் பெயர் எழுதிய சுமார் 190 ஓடுகள் கிடைத்தன. எழுத்தை ஒப்பிட்டுப் பார்த்தால் மொத்தம் 14 பேரின் கைதான் தெரிகிறது. முன்கூட்டியே எழுதிவைத்து விநியோகிக்கத் தயார் செய்தவை போல. தேர்தல் வேலை அன்றைக்கே அந்த அளவுக்குத் தேறியிருந்தது!

நம் கிராமங்களில் ‘ஊரைவிட்டுத் தள்ளிவைப்பது’, ‘ஊர்விலக்கு’ என்பதற்கு ஆஸ்ட்ரஸைஸ் சரியான சொல். பேச்சு கூடாது, கடையில் சாமான் கூடாது, நல்லது கெட்டதுக்கு யாரும் போகக் கூடாது. இதே முறையில் 1880ல் அயர்லாந்தில் ஒருவர் மாட்டினார். மேயோ மாவட்டத்தில் ஒரு பிரபுவின் நிலத்தைக் கவனித்துக்கொண்ட முகவர், பெயர் கேப்டன் சார்லஸ் பாய்காட். விளைச்சல் சரியில்லை, குத்தகையைக் குறையுங்கள் என்று கேட்ட குடியானவர்களுக்கு வெளியேற்ற நோட்டீஸ் போனது. அந்தச் செப்டம்பரில்தான் அயர்லாந்துக் குடியானவர் இயக்கத்தின் தலைவர் பார்னல், இப்படிப்பட்டவர்களை அடிக்காதீர்கள், முகம் கொடுக்காமல் ஒதுக்கிவையுங்கள் என்று பேசியிருந்தார். பாய்காட்டின் வேலைக்காரர்கள் நின்றார்கள். கடைக்காரர்கள் சரக்கு தரவில்லை. வயலில் அறுவடைக்கு ஆள் இல்லை. வடக்கிலிருந்து 50 பேரைக் கூட்டிவந்து, சுமார் ஆயிரம் சிப்பாய்களும் போலீசும் காவல் நின்று அறுவடை செய்தார்கள். 500 பவுண்டு பெறாத விளைச்சலுக்கு 10,000 பவுண்டு செலவானது என்று அன்றைக்கே பேசிக்கொண்டார்கள்.

இந்த ஒதுக்கலுக்கு என்ன பெயர் வைப்பது? ஜேம்ஸ் ரெட்பாத் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளரும் அந்த ஊர்ப் பாதிரியார் ஜான் ஓமாலியும் பேசிக்கொண்டிருந்தபோது ஆஸ்ட்ரஸைஸ் என்ற யோசனை வந்ததாம். குடியானவர்களுக்கு அந்தச் சொல் புரியாது என்று பாதிரியார் யோசித்துவிட்டு, ‘பாய்காட் செய்வது என்றே சொன்னால் என்ன?’ என்றாராம். ஆளின் பெயர் வினையாகிவிட்டது. 25 ஆண்டுக்குள் அது கல்கத்தாவுக்கு வந்து, 1905 ஆகஸ்டில் டவுன் ஹாலில் சீமைத் துணிக்கு எதிரான தீர்மானமாயிற்று. 1928ல் சைமன் கமிஷன் வந்தபோது சென்னையிலும் அதே பேச்சு. தமிழில் பகிஷ்காரம் என்றார்கள், இலங்கையில் பகிஷ்கரிப்பு இன்னும் புழங்குகிறது, இங்கே அது புறக்கணிப்பு ஆகிவிட்டது. இந்தப் ‘புறக்கணி’யால் வரும் ஒரு தவறையும் கவனியுங்கள். பாய்காட் ஒரு கோரிக்கையோடு, பலர் கூடி, அறிவித்துச் செய்வது. வாட்ஸ்ஆப்பில் நண்பர் பதில் போடாவிட்டால் அது பாய்காட் அல்ல, இக்னோர். ஒரேயடியாகத் தொடர்பை அறுத்து மாயமாகிவிட்டால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் சொல்கிற கோஸ்ட்டிங்.

தேர்வைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். போட்டித் தேர்வுகளில் திரும்பத் திரும்ப வைக்கப்படும் கண்ணி, கன்டெம்ப்டிபிள், கன்டெம்ப்சுவஸ் என்ற ஜோடி. இகழத் தக்கது கன்டெம்ப்டிபிள், இகழ்கிறவர் கன்டெம்ப்சுவஸ். பணத்தைத் திருடியவனின் செயல் கன்டெம்ப்டிபிள், அவனைப் பார்த்து நீங்கள் வீசும் பார்வை கன்டெம்ப்சுவஸ். ஞாபகம் வைக்க ஒரு சம்பவம் சொல்கிறேன். 1914ல் பிரான்சுக்குப் போன சிறிய பிரிட்டிஷ் படையை ஜெர்மனியின் கைசர் ‘கன்டெம்ப்டிபிள் லிட்டில் ஆர்மி’ என்று சொன்னதாகச் செய்தி பரவியது. அவர் அப்படிச் சொன்னதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஆனால் அந்தப் படையில் பிழைத்து வந்தவர்கள் ‘ஓல்ட் கன்டெம்ப்டிபிள்ஸ்’ என்று தங்களுக்குத் தாங்களே பெயர் சூட்டி, சங்கமும் வைத்துக்கொண்டார்கள். அந்த இடத்தில் கன்டெம்ப்சுவஸ் என்று எழுதினால் கதையே தலைகீழாகி, அவர்கள் ஊரையெல்லாம் இளக்காரமாகப் பார்த்த படையாகிவிடுவார்கள்.